எந்தப் போர் வேண்டாம்?

அந்தக் கோடையில் ஒரு நாள் முற்பகல் நான்கு பையன்கள் எங்கள் அறைக்கு வந்தார்கள். காரைக்கால் கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் அறை. பாதி எனக்கு, பாதி என் தோழிக்கு. நான் கல்யாணப் பத்திரிகை, பேனர், கடைப் பெயர்ப்பலகை வடிவமைப்பவள். அவள் ஆர்க்கிடெக்ட், வீட்டுக்கு வரைபடம் போடுபவள். இருவருக்கும் பொதுவாக ஒரு ஏசி. அதை எத்தனையில் வைப்பது என்பதுதான் எங்களுக்குள் அன்றாடச் சண்டை.

பையன்கள் நண்பனின் கல்யாணத்துக்குப் பேனர் கேட்டு, கைபேசியில் மாப்பிள்ளையின் படத்தைக் காட்டினார்கள். செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஒல்லியான பையன். பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் மாதிரி முகம்.

"மாப்ளைய டாங்கி மேல உக்கார வைங்கக்கா. மேல ரெண்டு ஃபைட்டர் பிளேன் பறக்கணும். சுத்தி ராக்கெட்டு. ஒவ்வொரு ராக்கெட்டுலயும் எங்க மூஞ்சி."

டிவியில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஒன்று நம் எல்லையில். இன்னொன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும் வளைகுடாப் பக்கம். கிரிக்கெட் மாதிரி ஸ்கோர் சொன்னார்கள். அதனால் பையன்கள் கேட்டது எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. மாப்பிள்ளைகளைச் சிங்கத்தின் மேலும் ஜல்லிக்கட்டுக் காளையின் மேலும் நிலாவுக்குப் போகிற ராக்கெட்டின் மேலும் உட்கார வைத்தவள் நான். எந்த டாங்கி இவனுக்குப் பொருந்தும் என்று தேடவே ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது என் தோழி நாற்காலியைத் திருப்பினாள்.

"அந்த ராக்கெட்டு எங்க போயி விழும்?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் கண்ணடித்தான். "பொண்ணு வீட்லக்கா!" என்றான். நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பொண்ணு வீடு எங்க?"

"திருநள்ளாறு பக்கங்க்கா."

"வீட்ல யாரு யாரு இருக்காங்க?"

அதில் ஒரு பையன் ரொம்ப நேர்மையானவன். விரல் விட்டுச் சொன்னான்: "அப்பா, அம்மா, ஒரு தம்பி, அவங்க அத்தை ஒருத்தங்க. அப்பறம் ஒரு நாய்க்குட்டி இருக்குக்கா."

நாய்க்குட்டி என்று சொன்னதும் அவன் குரல் இறங்கிவிட்டது. மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "தம்பி, டாங்கி நான் பண்ண மாட்டேன். வேற கேளுங்க" என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் மாப்பிள்ளையை நெல் அறுக்கும் மெஷின் மேல் கம்பீரமாக உட்கார வைத்து, பின்னால் அடுக்கிய நெல் மூட்டைகளில் அவர்கள் முகங்களை ஒட்டிக் கொடுத்தேன். மூட்டைக்குத் தகுந்த முகங்கள்தான். சந்தோஷமாகப் போனார்கள்.

அவர்கள் படியிறங்கியதும் தோழி ஆரம்பித்தாள்.

"டாக்டருங்க சண்டை வேணாம்னு பேசுறாங்க. வக்கீலுங்க பேசுறாங்க. நம்ம தொழில்ல யாராச்சும் வாயத் தொறக்குறாங்களா?"

"நாம பேசி யாருடி கேக்கப் போறா? குண்டு போடுறவன் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பேனரப் பாத்துட்டா நிறுத்தப் போறான்?"

"அவன் பாக்க வேணாம். இங்க ஒக்காந்து கைதட்டுறாங்கள்ல, அவங்க பாக்கட்டும். ஏய், டாங்கி என்னா மரத்துலயா காய்ச்சுது? நம்மள மாதிரி ஒருத்தன் ஏசி ரூம்ல ஒக்காந்து அளவு போட்டு வரைஞ்சதுதானே? வரையத் தெரிஞ்சவங்களே வேணாம்னு சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா?"

 வாதத்தில் தோற்கும்போது நான் ஏசியைக் குறைப்பேன். குறைத்தேன்.

எங்கள் ஊர் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. ஆர்க்கிடெக்ட்கள், பிளான் போடும் இன்ஜினியர்கள், பேனர்காரர்கள், பத்திரிகை அடிப்பவர்கள் எல்லோரும் இருப்பார்கள். காலையில் ரோஜாப்பூவோடு வணக்கம் சொல்வதும் சிமென்ட் விலையைத் திட்டுவதும்தான் அதில் நடக்கும். தோழி அதில் நீளமாக எழுதிப் போட்டாள்: நாம் எல்லோரும் சேர்ந்து, நம் தொழிலின் பெயரால், போர் வேண்டாம் என்று ஒரு பேனர் வைக்கலாமா? பதிலாக ஒருவர் கட்டைவிரல் காட்டினார். ஒருவர் 'நமக்கெதுக்குங்க அரசியல்' என்றார். ஒருவர் தவறுதலாக யார் வீட்டுக் கழிப்பறைப் பிளானையோ அனுப்பி, உடனே அழித்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்னக் கூட்டம் எங்கள் அறையில் சமோசாவோடு கூடிவிட்டது.

நிறத்தில் தொடங்கியது வினை. சிவப்பு என்றேன். "அது ஒரு கட்சி" என்றார்கள். காவி? கேட்கவே வேண்டாம். பச்சை? அதற்கும் ஆள் இருக்கிறது. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் இன்னொன்று, மஞ்சள் சேர்ந்தால் வேறொன்று, நீலம் மட்டும் என்றால் மற்றொன்று. வானவில்லையே கட்சிகள் பங்கு போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தன. சரி, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து என்று திரையில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் ஒரே குரலில், "கண்ணீர் அஞ்சலி!" என்றார்கள். வெள்ளைப் புறா வைத்தால் சலவைப் பவுடர் விளம்பரம் மாதிரி இருந்தது. சமோசா தீர்ந்தபோது ஒரு முடிவுக்கு வந்தோம். மண் நிறப் பின்னணி. அதில் வெடித்த நிலம். வெடிப்பிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பச்சைத் தளிர். மேலே இளநீல எழுத்தில் இரண்டே சொற்கள்: போர் வேண்டாம்.

அழகாக இருந்தது. நானே செய்ததால் சொல்லவில்லை, உண்மையிலேயே அழகாக இருந்தது.

பிளெக்ஸ் அடித்துத் தருபவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"மேட்டர் இவ்வளவுதானா தங்கச்சி? தலைவர் படம் இல்ல, மாப்ள படம் இல்ல. நடுவுல இவ்வளவு எடம் காலியா கெடக்கே, என் போட்டோவாச்சும் வச்சுக்க."

நகராட்சியில் அனுமதி வாங்கப் போனபோது அங்கிருந்தவர், "என்ன நிகழ்ச்சிங்க?" என்று கேட்டார். என் தோழி, "நிகழ்ச்சி நடக்கக் கூடாதுன்னுதாங்க வைக்கிறோம்" என்றாள். அவர் சிரித்து, அனுமதி கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று, கீழவாஞ்சூர் போகும் சாலையில் ஒன்று, என் சொந்த ஊரான அம்பகரத்தூர் பஸ் நிறுத்தத்தில் ஒன்று. விடிந்ததும் ஸ்கூட்டரில் மூன்றையும் பார்க்கக் கிளம்பினோம். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருவரும் நல்ல புடவை கட்டியிருந்தோம். ஏன் என்று கேட்டால் இன்றும் தெரியாது. கீழவாஞ்சூர் சாலையில் நிலக்கரி லாரிகள் எங்கள் மேல் கரியைத் தூவிக்கொண்டே போயின. தோழி பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு லாரிக்கும் கையசைத்தாள். பேனரைப் பார்த்ததும் இருவரும் கத்திவிட்டோம். எத்தனையோ பேனர் செய்திருக்கிறேன். என் மனதில் இருப்பதை நானே சொன்ன முதல் பேனர் அதுதான்.

அறைக்குத் திரும்பி கரியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது முதல் போன் வந்தது. என் அண்ணன். அம்பகரத்தூரில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்பவன்.

"ஏம்மா, நம்ம ஸ்டாப்பிங்ல ஒரு பேனர் இருக்கே, நீ வச்சதாமே?"

"ஆமாண்ணே! பாத்தியா? எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் போன மாசந்தானே நம்ம வயல்ல போர் போட்டேன். கூடப் பொறந்தவளே போர் வேணாங்குறான்னு டீக்கடையில சிரிக்கிறானுங்க. வேணாம்னா மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. போனைப் பொத்திக்கொண்டு தோழியிடம், "போர்வெல்லுடி! ஊரே போர்வெல்லுன்னு நெனச்சிருக்கு!" என்றேன்.

அவள் சுவரில் ஒட்டியிருந்த மாதிரிப் பிரதியைப் பார்த்தாள். மண் நிறம். வெடித்த நிலம். தளிர். தண்ணீர் நிறத்தில் எழுத்து. டெல்டாக்காரன் ஒருவனிடம் இதைக் காட்டினால் வேறு என்ன நினைப்பான்? அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். நல்ல புடவையோடு, கரி படிந்த முகத்தோடு, மூச்சு விட முடியாமல் சிரித்தோம். போனில் அண்ணன், "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு போன் ஓயவில்லை. விவசாயி ஒருவர் கூப்பிட்டு மனதாரப் பாராட்டினார். ஆளுக்கு ஆள் போர் போட்டுத்தான் கடல் தண்ணீர் உள்ளே வந்துவிட்டதாம், வரும் வாரம் ஊர்வலம், நாங்கள்தான் முன்னால் நடக்க வேண்டுமாம். அடுத்து போர் போடும் லாரி வைத்திருப்பவர் நேரிலேயே வந்துவிட்டார். லாரியோடு வந்தார். கடைத்தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு அது கீழே நின்றது.

"ஏங்க மேடம், நான் உங்களுக்கு என்ன பண்ணுனேன்? என் தொழில்ல மண்ணள்ளிப் போடுறீங்களே!"

தோழி சமாதானமாக, "உக்காருங்க. இது அந்தப் போர் இல்லீங்க. இது சண்டை. குண்டு போடுறது" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். சுவரில் இருந்த பேனர் மாதிரியைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இறங்குவதையும் சிரிப்பு ஏறுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தேன்.

"அட, யுத்தமா? அதுக்குப் பேனர் வேணாம்னு யாரு சொன்னா? தாராளமா வைங்க. ஆனா தயவு பண்ணி எழுத்த மாத்துங்க. எனக்கு ரெண்டு பார்ட்டி போன் பண்ணி, கவர்மெண்டு போருக்குத் தடை போட்டுருச்சான்னு கேக்குறாங்க."

அவர் போனதும் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். அமைதியான மனிதர். மோர் கொடுத்தோம். "எந்தக் கம்பெனிக்கு எதிரா வச்சிருக்கீங்க? எண்ணெய்க் கெணறா, எரிவாயுவா?" என்று கேட்டார். வயலில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் துளை போடுவது எங்கள் பக்கத்தில் பெரிய விவகாரம்.

"அதெல்லாம் இல்லைங்க சார். நாடுகளுக்குள்ள நடக்குமே, அந்தப் போர்."

"ஓ, அந்தப் போரா!" நிம்மதியாக மோரைக் குடித்தார். "அப்படின்னா பரவால்ல." பிறகு டம்ளரை வைத்துவிட்டு யோசித்தார். "இருங்க. பரவால்லயான்னு கேட்டுச் சொல்றேன்."

வராந்தாவில் நின்று யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்து, "சமாதானம்தானேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். யாரு பேரும், எந்த நாட்டுப் பேரும் வரக்கூடாதாம். அவ்வளவுதான்" என்றார்.

மறுநாளே மூன்று பேனரையும் இறக்கினோம். அம்பகரத்தூரில் இறக்கியதை அண்ணன் விடவில்லை. கோடை மழை வரும் போலிருந்ததால் கொல்லையில் இருந்த வைக்கோல் போர் மேல் போட்டு மூடி, நான்கு பக்கமும் கயிறு கட்டி, படம் எடுத்து எனக்கு அனுப்பினான். மலை மாதிரி ஒரு போர். அதன் தலையில் 'போர் வேண்டாம்'. அந்தப் படத்தை என்னால் இரண்டு நாளைக்கு நேராகப் பார்க்க முடியவில்லை. பார்த்தாலே வயிறு வலித்தது.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஊருக்குப் புரிகிற மாதிரி சொல்வதுதான் எங்கள் தொழில். ஊரில் ஒருவருக்கும் புரியாத மாதிரி சொல்லியிருந்தோம். போருக்குப் பதில் சண்டை என்று போடலாமா என்று யோசித்தோம். சண்டை வேண்டாம் என்றால் புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்வது மாதிரி இருந்தது. யுத்தம் என்றே போடுவது என்று முடிவாயிற்று. படம்?

அன்று மாலை தோழி கைபேசியில் ஒரு செய்திப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கோ குண்டு விழுந்த அடுக்குமாடி. முன்சுவர் முழுக்கப் போய்விட்டிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் வீட்டின் உள்பக்கம் தெரிந்தது. சமையலறை ஓடுகள், சுவரில் தொங்கும் வாஷ்பேசின், ஆணியில் மாட்டிய ஒரு சட்டை.

"இது செக்‌ஷன் மாதிரி இருக்குடி," என்றாள். வீட்டை மேலிருந்து கீழாகக் கத்தியால் வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று வரைவதற்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. "நான் தெனம் வரையிறதுதான். வீட்டுக்காரங்ககிட்ட காட்டுனா சந்தோஷப்படுவாங்க, இதோ பாருங்க உங்க கிச்சன்னு. இதையும் ஒருத்தன் அப்படித்தான் வரைஞ்சு காட்டியிருப்பான்."

அவள் குரல் உடைந்தது. நான் அவள் மேசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். இருவரும் சேர்ந்து வரைந்தோம்.

எங்கள் ஊர்ப்பக்கத்து மாடி வீடு ஒன்று. ஹாலில் டிவி, மேலே மின்விசிறி. சமையலறையில் மிக்சி, குக்கர். அறையில் கட்டில், ஆணியில் ஒரு பள்ளிக்கூடப் பை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, காயும் துணி. இடது பக்கம் அது வெறும் கோடுகளால் ஆன வரைபடம். வலது பக்கம் அதே வீடு, அதே அளவில், நிஜ வீடாக. முன்சுவர் மட்டும் இல்லை. ரத்தம் வேண்டாம், நெருப்பு வேண்டாம் என்றாள். ஜன்னல் திரைச்சீலை மட்டும் வெளியே தொங்கியது. கீழே எழுதினோம்: 'வீட்டை இப்படிப் பிளந்து காட்டுவது வரைபடத்தோடு நிற்கட்டும். யுத்தம் வேண்டாம்.' அதற்கும் கீழே, 'வீடு வரைபவர்கள், பேனர் செய்பவர்கள், பத்திரிகை அடிப்பவர்கள். காரைக்கால்.'

பிளெக்ஸ் அண்ணன் இந்த முறை தன் போட்டோவைப் பற்றிப் பேசவில்லை. அடித்து முடியும்வரை மெஷின் பக்கத்திலேயே நின்றார்.

இதை ஜனங்கள் நின்று பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பக்கம் மறைந்து நின்று நாங்களும் அவர்களைப் பார்த்தோம். ஒரு அம்மா தன் பெண்ணிடம் பையைக் காட்டி, "ஒன் பை மாதிரியே இருக்கு பாரு" என்றாள். அந்தப் பெண் உடனே தோளில் இருந்த தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். ஆனால் எங்கள் ஊர் யாரையும் அதிக நேரம் அழ விடாது. அடுத்து நின்ற இரண்டு பேர், "கிச்சன் தென்கெழக்குல இல்லையே, வாஸ்துப்படி தப்பு" என்று விவாதித்தார்கள். தோழி பாய்ந்து போய்ச் சண்டை போடப் பார்த்தாள். சண்டைக்கு எதிரான பேனருக்குக் கீழே சண்டை வேண்டாம் என்று புடவையைப் பிடித்து இழுத்தேன். மறுநாள் ஒருவர் போன் செய்து, "அந்த பேனர்ல இருக்குற வீடு கட்ட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். இடது பக்கத்து வீடா, வலது பக்கத்து வீடா என்று கேட்கத் தோழி வாயெடுத்தாள். நான் போனை வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே எல்லையில் துப்பாக்கிகள் ஓய்ந்ததாகச் செய்தி வந்தது. பிளெக்ஸ் அண்ணன் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். "பாத்தியா தங்கச்சி? நம்ம பேனர்! பத்தடிக்கு இருபதடி போட்டிருந்தா ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்தியிருப்பானுங்க!" வாட்ஸப் குழுவில் 'நமக்கெதுக்குங்க' என்றவர்கூட அடுத்த பேனரில் தன் தொழிலையும் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். அவர் மாடுலர் கிச்சன் செய்பவர். 'சமையலறை செய்பவர்கள்' என்று சேர்த்துக்கொள்வதாகச் சொன்னோம்.

வளைகுடாப் பக்கத்துச் சண்டை நிற்கவில்லை. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் உண்டு. அவர் மகன் அங்கேதான் வெல்டிங் வேலையில் இருந்தான். ஒரு நாள் கூடையை மருந்துக் கடை வாசலில் வைத்துவிட்டு மாடிக்கு வந்தார். இதுவரை அவர் மேலே வந்ததில்லை.

"நீங்கதானே அந்த வீட்டுப் படம் போட்டது? நான் போன்ல புடிச்சு எம் மவனுக்கு அனுப்புனேன். அவன் ஒண்ணு திருப்பி அனுப்பியிருக்கான். என்னான்னு பாருங்க."

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து தங்கும் அறை. அடுக்குக் கட்டில்கள். சுவரில் எங்கள் படம், தாளில் அச்செடுத்து ஒட்டியிருந்தது. அதன்மேல் பேனாவால் என்னென்னவோ வரைந்திருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தோம். முன்சுவர் போன வீட்டுக்கு யாரோ கோடு கோடாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். மொட்டை மாடியில் ஒருவன் புறாக்கூண்டு வைத்திருந்தான். ஒருவன் ஹாலில் தையல் மெஷின் போட்டிருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் தூளி. சமையலறை வாசலில் ஒரு ஆடு கட்டியிருந்தது. எந்த நாட்டு ஆடு என்று தெரியவில்லை. ஒரு ஓரத்தில் தமிழில், 'அம்மா, இது நம்ம ரூம் பசங்க எல்லாரோட வீடும்' என்று எழுதியிருந்தது.

படித்துக் காட்டினேன்.  "ஆடா கட்டியிருக்கானுங்க?" என்று கேட்டு, அக்கா அழுகையும் சிரிப்புமாக வாயைப் பொத்திக்கொண்டார். "நல்லாருக்கானுங்கள்ல? வரையிறானுங்கன்னா நல்லாத்தானே இருக்கானுங்க?"

"நல்லாருக்காங்கக்கா," என்றேன்.

என் தோழி இன்னும் போனை விடவில்லை. "மாடியில இவ்வளவு பெரிய புறாக்கூண்டு வச்சா தண்ணித் தொட்டி எங்கடி போகும்?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு புதுத் தாளை எடுத்து விரித்தாள். ஆட்டை எங்கே கட்டுவது என்று மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கொல்லைப் பக்கம்தான் சரி என்றார் அக்கா. கீழே மருந்துக் கடைக்காரர், கூடையைப் பூனை முகர்ந்து பார்க்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார்.